98 கிதார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய எலெக்ட்ரிக் கிதார்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கிப்ஸன் நிறுவனத்தின் முதல் ஃப்ளையிங் வி கிதார் மொத்தமே 98தான் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதே கட்டுரையில் ஹார்மனி, சில்வர்டோன், டீஸ்கோ என்று வேறு பல பெயர்களையும் சொல்லிக்கொண்டு போகிறீர்கள்; அவற்றில் ஒன்றுக்குக்கூட எண்ணிக்கை தரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு தொழிற்சாலை எத்தனை கிதார் செய்தது என்பதை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது? ஒன்றுக்கு முடியுமென்றால் மற்றவற்றுக்கு ஏன் முடியவில்லை? அதிகம் பேசப்படாத கிதார்களை நினைவுகூர்வதுதான் கட்டுரையின் நோக்கம் என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, எண்ணிக்கை என்று வரும்போது பெயர்பெற்றவற்றுக்கு மட்டும் சலுகை காட்டிவிட்டீர்களோ என்று தோன்றியது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் கேள்வியால் என் கட்டுரையில் இருந்த ஒரு பிழை கண்ணில் பட்டது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

98 என்ற எண் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரத்தில் இருந்த கிப்ஸன் தொழிற்சாலையின் பேரேட்டிலிருந்து கிடைப்பது. எந்த மாடல், எந்த ஆண்டில், எத்தனை வெளியே அனுப்பப்பட்டது என்று அங்கே எழுதி வைத்தார்கள். ஃப்ளையிங் வி 1958இல் 81, 1959இல் 17. ஆகவே அது வாசலைத் தாண்டிய கிதார்களின் கணக்கு. செய்யப்பட்டவற்றின் கணக்கு வேறு. அம்பு முனைபோல் இரண்டாகப் பிளந்து நிற்கும் அந்த உருவத்தை அன்றைக்கு யாரும் விரும்பி வாங்கவில்லை. விலைபோகாததால் தயாரிப்பை நிறுத்தினார்கள், மீந்துபோன கொரினா மர உடல்கள் தொழிற்சாலையிலேயே கிடந்தன. 1962, 1963 வாக்கில் அவற்றை எடுத்து, முன்பு போட்ட தங்க முலாம் பாகங்களுக்குப் பதிலாக நிக்கல் முலாம் பாகங்களைப் பூட்டி விற்றார்கள். மரம் 1958ஐச் சேர்ந்தது, பூட்டியது நான்கைந்து ஆண்டுகள் கழித்து. இவை அந்த 98இல் சேரா. "மொத்தமே 98தான் செய்யப்பட்டது" என்று நான் எழுதியது தவறு. "அந்த இரண்டு ஆண்டுகளில் அனுப்பப்பட்டவை 98" என்று எழுதியிருக்க வேண்டும்.

பேரேடு இருந்தாலே எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஃப்ளையிங் வி-யோடு பிறந்த எக்ஸ்ப்ளோரர் கிதாரை அதன் பெயரால் அந்தப் பேரேட்டில் தேடினால் கிடைக்காது. "கொரினா (மாட். கிதார்)" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது, அதற்கு எதிரே 1958இல் 19, 1959இல் 3. அது எக்ஸ்ப்ளோரர்தான் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதே நேரத்தில் மாடர்ன் என்ற மூன்றாவது கிதாருக்கும் கிப்ஸன் வடிவமைப்புக் காப்புரிமை வாங்கியிருந்தது. அந்தக் காலத்தில் செய்த மாடர்ன் என்று ஐயமற நிறுவப்பட்ட ஒரு கிதார்கூட இன்றுவரை வெளிப்படவில்லை; 1982இல் கிப்ஸனே அதைப் புதிதாகச் செய்து விற்றது. எழுதியவர் சோம்பல்பட்டுச் சுருக்கிய அந்த "மாட்." என்ற இரண்டெழுத்துக்குள் ஒரு மாடர்னாவது ஒளிந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்ட மற்றவை. சிகாகோவின் ஹார்மனி நிறுவனம் 1945 முதல் 1975 வரையிலான முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடி கிதார்களைச் செய்தது என்று மதிப்பிடுகிறார்கள். உச்சத்தில் இருந்த 1964–65 காலத்தில் விற்றவை மட்டும் சுமார் 3,50,000 இசைக்கருவிகள். இவ்வளவு செய்த நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு எண்ணிக்கை சொல்ல முடியாததற்குக் காரணம், அவற்றில் பெரும்பங்கு ஹார்மனி என்ற பெயரோடு வெளியே போகவே இல்லை என்பதுதான். கேட்கும் கடைக்கு அந்தக் கடையின் பெயரையே கிதாரின் தலையில் ஒட்டிக் கொடுத்தார்கள்.

சில்வர்டோன் அப்படிப்பட்ட பெயர். அது ஒரு தொழிற்சாலை அல்ல; அஞ்சலில் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. ஹார்மனி, கே (Kay) என்ற இன்னொரு நிறுவனம், டேன்எலெக்ட்ரோ, பிற்பாடு ஜப்பானின் டீஸ்கோ என்று பலர் செய்த கிதார்கள் அந்த ஒரே பெயரில் விற்றன. சில்வர்டோன் எத்தனை என்று கேட்பது, கடைப்பெயர் அச்சிட்ட மஞ்சள் பையைக் காட்டி, உள்ளே இருக்கும் புடவை எந்தத் தறியில் நெய்தது என்று கேட்பதைப் போன்றது.

அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1962இல் வந்த 1448 என்ற மாடல். நியூ ஜெர்சியில் நேதன் டேனியலின் டேன்எலெக்ட்ரோ செய்தது. பாப்லர் மரச் சட்டம், அதன் மேல் மேசனைட், அதாவது நம் ஊரில் அலமாரியின் பின்பக்கம் அடிக்கிற ஹார்ட்போர்டு வகை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்பது லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்த காந்தமும் கம்பிச் சுருளும்தான். லிப்ஸ்டிக் போன்ற குழாய் என்று நினைத்துவிட வேண்டாம், அழகுசாதனத்துக்கென்று செய்த குழாய்களையே வாங்கிப் போட்டார்கள். தந்திகள் வந்து அமரும் பிரிட்ஜில் ஒற்றை ரோஸ்வுட் துண்டு. கிதாரை வைக்கும் பெட்டிக்குள்ளேயே வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருந்தன. தனியாக எதையும் வாங்க வேண்டாம். மொத்த விலை 67.95 டாலர். இதன் ஒலி மலிவானது என்று அன்று சொன்னார்கள். மலிவான பொருளிலிருந்து வரும் தனி ஒலி என்று நான் சொல்வேன், அந்த மணியோசைத் தெளிவு கனமான மரத்தில் வருவதில்லை. ஒரு தலைமுறையே இதில்தான் முதல் மூன்று விரல்பிடிகளைக் கற்றது. எனினும் 1448 என்பது சியர்ஸின் பட்டியல் எண். அந்த மாடலில் வந்த எல்லாக் கிதார்களுக்கும் அதுவேதான் எண், அதை வைத்து எத்தனை என்று எண்ண முடியாது.

டீஸ்கோவின் கதையும் இதேதான், நடந்தது டோக்கியோவில். 1946இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கிதார்கள் அறுபதுகளில் கிங்ஸ்டன், டீஸ்கோ டெல் ரே, சில்வர்டோன் என்று இறக்குமதியாளர்கள் சூட்டிய பெயர்களில் அமெரிக்காவுக்குப் போயின. 1967இல் கவாய் நிறுவனம் அதை வாங்கியது.

ஆனால் பெயர்பெற்றதால்தான் எண்ணினார்கள் என்ற உங்கள் ஊகத்தை நான் ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் 1974 முதல் 1979 வரை மட்டுமே இயங்கிய டிராவிஸ் பீன் என்ற சிறிய பட்டறையைப் பாருங்கள். அலுமினிய நெக் (விரல்கள் தந்தியை அழுத்தும் கழுத்து) கொண்ட கிதார்கள்; பிடித்தால் கை சில்லிட்டது, மேடை விளக்கின் சூட்டில் சுருதி நகர்ந்தது, வாங்கியவர்களும் குறைவு. ஆயினும் மொத்தம் சுமார் 3,650 என்றும், அதில் டிபி500 மாடல் 351 என்றும் சொல்ல முடிகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கிதாரின் தலையிலும் அந்த உலோகத்திலேயே வரிசை எண்ணைப் பொறித்தார்கள். மறுபுறம், பெரும்பெயர் கொண்ட ஃபெண்டர் 1969இல் ஸ்விங்கர் என்ற கிதாரை வெளியிட்டது. விற்காமல் தேங்கிய பாகங்களைத் தீர்ப்பதற்காக, பழைய உடல்களை வெட்டிச் செதுக்கி, மியூசிக்மாஸ்டர் நெக்கின் தலையை ஈட்டிமுனையாக அறுத்துப் பூட்டியது அது. பலவற்றில் மாடல் பெயர்கூட ஒட்டப்படவில்லை. கழிவைத் தீர்க்கிறவர்கள் கணக்கு எழுதுவதில்லை. நூற்றுக்கணக்கில் என்பதற்கு மேல் துல்லியமாக வரும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

பேரேடு இல்லாத இடத்தில், மிஞ்சிய கிதார்களைத் திறந்து பார்த்துத்தான் எதையாவது சொல்ல முடியும். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் எனப்படும் உருப்படியின் முதுகில் சிறிய எண் ஒன்று அச்சாகியிருக்கும். 304-6132 என்று இருந்தால், 304 என்பது அதைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனம், 61 என்பது ஆண்டு, 32 என்பது அந்த ஆண்டின் வாரம். 137 என்று தொடங்கினால் அதைச் செய்தது சிடிஎஸ் நிறுவனம். கிதார் அந்த வாரத்துக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே இது சொல்லும். எவ்வளவு பிந்தையது என்று சொல்லாது. ஃபெண்டர் 1966இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்துக்கொண்டதால், அறுபதுகளின் இறுதியில் செய்த கிதார்களிலும் 66 என்ற எண்ணே கிடக்கிறது.

கட்டுரையில் 98 வரும் வரியைத் திருத்திவிட்டேன். ஹார்மனிக்கும் டிராவிஸ் பீனுக்கும் மேலே சொன்ன எண்களைச் சேர்த்திருக்கிறேன். 1448க்கு விலையை மட்டும் சேர்த்தேன்.

அன்புடன்.