அடைப்பு என்றதும் ஸ்டென்ட் என்று நினைக்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. கோலம் போடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு 36. 'முழு அடைப்பு, பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்கருவி) வைக்க வேண்டும்' என்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் படபடப்பைத் தொடை வழியாகக் குழாய் விட்டு, சூடு வைத்தே சரிசெய்துவிட்டார்கள். அம்மாவுக்கும் அப்படிச் செய்யலாமா? வயர் இல்லாத பேஸ்மேக்கர்தான் நல்லதா? 'பேட்டரி தீர்ந்தால் உயிர் போய்விடுமே' என்று அழுகிறார்.
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கடிதம் கிடைத்த அன்றே 'உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள்' என்று ஆசிரியர் குழு மூலம் சொல்லியனுப்பினேன். அச்சில் வரும்வரை காத்திருக்கும் விஷயமல்ல இது.

இது ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து விரிக்கும் ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கும் வழி அறுந்துபோயிருக்கிறது. எதிர்வீட்டு அக்காவுக்கு நேர்மாறு: அவருக்கு வேண்டாத ஒரு மின்பாதை கூடுதலாக இருந்திருக்கும். அதைச் சுட்டதும் படபடப்பு நின்றது. அம்மாவுக்குச் சுட என்ன இருக்கிறது? இருந்த ஒரு வழியும் போய்விட்டது.

வயர் இல்லாதது சுமார் 2 கிராம் எடையுள்ள மாத்திரைக் குப்பி போன்றது. தொடை ரத்தக்குழாய் வழியாகவே கீழறையில் பொருத்திவிடலாம். டயாலிசிஸ் செய்பவர்கள், நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கரில் கிருமி தொற்றியவர்கள் போன்றோருக்கு அது பெரிய வரம். ஆனால் அம்மாவின் மேலறை ஒழுங்காகத் துடிக்கிறதென்றால், அதன் தாளத்துக்குக் கீழறையும் சேர்ந்து துடிக்க வேண்டும். அதை மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரண்டு வயர் கொண்ட கருவி நன்றாகவே செய்யும். இரண்டு குப்பிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையும் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் விலை மிக அதிகம். அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

மருத்துவரிடம் ஒன்றை மட்டும் அவசியம் கேளுங்கள்: 'கீழறை வயரை எங்கே பொருத்துவீர்கள்?' வலது கீழறையின் நுனியில் வைப்பதுதான் பழைய வழக்கம். ஆண்டுக்கணக்கில் அங்கிருந்தே துடிக்கவைத்தால் சிலருக்கு இதயம் பலவீனமாகிவிடுகிறது. 2017-இல் சீனாவின் ஹுவாங் வெய்ஜியான் குழுவினர், இரு கீழறைகளுக்கு இடையிலான நடுச்சுவருக்குள் வயரைத் திருகி, இடது கீழறைக்குப் போகும் மின்கிளையையே தொடும் முறையை வெளியிட்டார்கள். இயற்கையான வழியிலேயே துடிப்பு பரவும். இப்போது நம் ஊர்களிலும் செய்கிறார்கள். எல்லோருக்கும் வயர் அங்கே போய்ச் சேராது. முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி பற்றி அம்மாவிடம் ஆர்னே லார்சன் கதையைச் சொல்லுங்கள். 1958-இல் ஸ்டாக்ஹோமில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது அவருக்குத்தான். முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 86 வயதுவரை வாழ்ந்தார். இன்றைய பேட்டரி பொதுவாக 8 முதல் 12 ஆண்டு வரும். தீர்வதற்குப் பல மாதங்கள் முன்பே பரிசோதனையில் தெரிந்துவிடும். அப்போது பேட்டரி உள்ள பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், வயர் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

செல்போனை, கருவி வைத்த பக்கத்துச் சட்டைப்பையிலோ ஜாக்கெட்டிலோ வைக்க வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். காயம் ஆறியதும் கோலம் போடலாம். கொடியில் துணி காயப்போடுவதை மட்டும் ஆறு வாரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி வைத்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் போகக் கூடாது.