இங்கிலாந்தின் கார்ன்வால் கவுண்டியில் யாராவது வாழ்ந்திருக்கிறீர்களா? போட்டோவில் பார்ப்பது போலத்தான் இருக்குமா?

வேலை விஷயமாக இரண்டு வருடம் அங்கே செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் குடியிருந்தேன். ஆனால் கார்ன்வால் என்ற பெயர் நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. தாத்தாவுக்குக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. அப்பா வளர்ந்தது அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைன் வீட்டில். 1880களிலிருந்து அந்தச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி, தொழில் தெரிந்த ஆட்களைக் கார்ன்வாலிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தது. இறங்கி உடைக்க வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நம் ஆட்கள்.

"அவங்க ஊர்லயே சுரங்கம் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று சின்ன வயதில் கேட்டதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று பக்கம் கடல், கிழக்கே டேமர் ஆறு. ஆற்றைத் தாண்டினால் டெவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகச் செம்புக்கு இந்தச் சின்ன இடம் ஒரு பெரிய ஊற்று. 1860களில் வெளிநாட்டுச் செம்பு மலிவாக வந்து குவிய, விலை சரிந்தது. பிறகு வெள்ளீயத்துக்கும் அதே கதி. ஆண்கள் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, கோலார் என்று கிளம்பிப் போனார்கள். எந்தச் சுரங்கத்தில் ஆள் தேவைப்பட்டாலும் "ஊரில் என் கசின் ஜாக் இருக்கான், வரச் சொல்றேன்" என்பார்களாம். அதனால் எல்லோருக்குமே 'கசின் ஜாக்' என்று பட்டப்பெயர். நம்ம ஊரில் 'மச்சான் ஒருத்தன் சும்மாதான் இருக்கான்' என்று சிபாரிசு செய்வோமே, அதேதான்.

போட்டோக்களில் கடலோரம் கூரையில்லாத கருங்கல் கட்டடமும் பக்கத்தில் புகைபோக்கியும் தெரிகிறதே, அது கோட்டை இல்லை. சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கவும் தாதுவை மேலே இழுக்கவும் ஓடிய நீராவி என்ஜினின் வீடு. பொடாலக் என்ற பழைய சுரங்கத்தில் அப்படி இரண்டு, செங்குத்துப் பாறையின் அடியில் அலைக்கு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கிருந்து சுரங்கம் கடலுக்கு அடியில் போகிறது. புயல் நாட்களில் தலைக்கு மேலே கடலடிக் கற்கள் உருளும் சத்தம் உள்ளே வேலை செய்தவர்களுக்குக் கேட்குமாம். அந்த இடத்தில் நின்றபோது எனக்குத் தாத்தாவின் காது மந்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சாப்பாடு என்றால் பேஸ்டி. பார்த்ததும் 'அட, சோமாசி!' என்றுதான் தோன்றியது. அதே அரைவட்டம், ஓரத்தில் அதே முறுக்கு. ஆனால் உள்ளங்கையை விடப் பெரியது. உள்ளே மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், ஸ்வீட் (swede) என்ற மஞ்சள் கிழங்கு. உப்பும் மிளகும் தவிர வேறு காரம் கிடையாது. நான் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. 2011 முதல் அதற்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. கார்ன்வாலில் செய்தால்தான் 'கார்னிஷ் பேஸ்டி'.

பஸ் டிரைவர் என்னை "மை லவர்" என்று கூப்பிட்ட முதல் நாள் திக்கென்றது. கொங்கு நாட்டில் 'கண்ணு' சொல்வது மாதிரி, அவ்வளவுதான். 'ட்ரெக்லி' என்று இன்னொரு சொல். 'இதோ செய்றேன்' என்று அர்த்தம், எப்போது என்று மட்டும் கேட்கக்கூடாது. பழைய கார்னிஷ் மொழி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. இப்போது மறுபடி கற்கிறார்கள், தெருப்பலகைகளிலும் இருக்கிறது.

சரி, இன்றைய வாழ்க்கை? ஆகஸ்டில் தெருவில் நடக்க இடமிருக்காது. ஜனவரியில் எங்கள் சந்தில் பதினோரு வீடுகள். ராத்திரி விளக்கு எரிந்தது மூன்றில். மற்றவை வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள், வாடகைக்கு விடும் வீடுகள். ஹோட்டலில் பரிமாறும் உள்ளூர்ப் பையனால் அந்த ஊரில் ஒரு அறைகூட வாங்க முடியாது. புதிதாகக் கட்டும் வீட்டில் முழுநேரமாகக் குடியிருக்க வேண்டும் என்று 2016ல் செயின்ட் ஐவ்ஸ் மக்கள் ஓட்டுப் போட்டு விதியே கொண்டுவந்தார்கள். வாங்க வந்தவர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.

கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998ல் மூடப்பட்டது. தங்கவயல் 2001ல். இப்போது சவுத் கிராஃப்டியில் தேங்கிய தண்ணீரை இறைத்து மறுபடி திறக்கப் பார்க்கிறார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இங்கேயும் தண்ணிதான் நிக்குது" என்றார்.