பேட்டரிக்கு மாறியதும் கேம் திணறுவது ஏன்?

கேள்வி: சார்ஜர் செருகியிருந்தால் என் லேப்டாப்பில் கேம் நொடிக்கு 90 ஃபிரேமுக்குக் (படத்துக்கு) குறையாமல் ஓடுகிறது. சார்ஜரைப் பிடுங்கிய உடனே 30-க்கு இறங்கி, அங்கேயே நிற்கிறது. முழு சார்ஜ் இருந்தாலும் இதே கதைதான். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். "30-க்கு இறங்கி, அங்கேயே நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. மின்சாரம் போதாமல் தவிக்கும் கார்டு 24, 38, 29 என்று மேலும் கீழும் அலையும். ஒரே எண்ணில் அசையாமல் நின்றால், அது மென்பொருள் போட்ட வரம்பு. என்விடியாவின் 'பேட்டரி பூஸ்ட்' பேட்டரியில் ஓடும்போது மட்டும் வேலை செய்து, ஃபிரேமை 30-ல் நிறுத்திவிடும். பெயரைப் பார்த்து வேகம் கூட்டும் வசதி என்று நினைத்துவிடாதீர்கள். சார்ஜ் நீடிப்பதற்காக வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. என்விடியா செயலியில் அதை அணைத்துவிட்டு, கேமை மூடித் திறந்து பாருங்கள்.

அடுத்தது விண்டோஸ். சார்ஜரை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போய் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' ஆக்குங்கள். சார்ஜருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என இந்த அமைப்பு தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், செருகிய நிலையில் மாற்றிவிட்டுப் பயன் இல்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அதே பக்கத்தில் எனர்ஜி சேவர் தானாக இயங்குகிறதா என்றும் பாருங்கள். பிறகு சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் பகுதியில் அந்த கேமைத் தேர்ந்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' கொடுங்கள். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், உழைப்பது என்விடியாவா, பிராசசரோடு வரும் சிறிய கிராஃபிக்ஸா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் 90 திரும்பி வராது. அதற்குக் காரணம் பேட்டரியின் இயல்பு. 80 வாட்-மணி கொண்ட பேட்டரியிலிருந்து 200 வாட் இழுத்தால் 24 நிமிடத்தில் காலி. அதைவிட முக்கியம், 15 வோல்ட் அளவில் 200 வாட் என்றால் 13 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அவ்வளவு வேகமாக இழுத்தால் செல்கள் சூடேறும், வோல்டேஜ் சரியும், லேப்டாப் திடீரென்று அணைந்தும் போகலாம். அதனால் தயாரிப்பாளரே பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளில்) உச்சவரம்பு வைத்துவிடுகிறார். அதை உடைக்கும் 'தந்திரங்கள்' பக்கம் போகாதீர்கள்.

கிடைக்கிற வாட்டைச் சரியாகப் பங்கிடுவதே புத்திசாலித்தனம். பேட்டரி தரும் சக்தியை பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை பேட்டரிக்கு மட்டும் 99 சதவீதம் ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ, அதாவது பிராசசர் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்றுவிடும். மிச்சமாகும் வாட் கார்டுக்குப் போகும். சில லேப்டாப்களில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும். பிராசசரை அதிகம் நம்பியிருக்கும் கேம்களில் இதனால் வேகம் குறையவும் கூடும். அப்போது 100-க்கே திருப்பிவிடுங்கள். கேமுக்குள் நிழல் தரத்தை இரண்டு படி குறைத்து, ஃபிரேம் வரம்பை 45-ல் வையுங்கள். 60-க்கும் 28-க்கும் இடையே துள்ளுவதைவிட நிலையான 45 கண்ணுக்கு எவ்வளவோ இதம்.

கேள்வி: என்னுடையதும் கேமிங் லேப்டாப்தான். வெளியே போகும்போது 65 வாட் டைப்-சி சார்ஜர் எடுத்துப்போகிறேன். செருகியிருந்தும் வேகம் வரவில்லையே?

பதில்: சார்ஜ் ஏறும் அடையாளம் தெரிந்தாலும், 65 வாட்டைப் பார்த்ததும் லேப்டாப் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. லேப்டாப்போடு வந்த அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் பாருங்கள். 180, 230 என்று இருக்கும். முழு வேகத்துக்கு அதுவே வேண்டும். டைப்-சி வழியே 100 வாட் ஏற்கும் லேப்டாப் என்றால் 100 வாட் சார்ஜர் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 20 வோல்ட்டில் அது 60 வாட்தான்.