பரணில் கிடந்த நிக்கோ ரிசீவர்

கேள்வி: மாமா சவூதியிலிருந்து 1980 வாக்கில் கொண்டுவந்த நிக்கோ (ஜப்பானிய பிராண்ட்) ஸ்டீரியோ ரிசீவரை, அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டியை, அப்படியே பிளக்கில் சொருகலாமா? (வாசகர், களியக்காவிளை)

பதில்: வேண்டாம். பின்பக்கத் தகட்டில் மாடல் எண்ணும் வோல்டேஜும் இருக்கும். சவூதியில் அப்போது பல வீடுகளில் 127 வோல்ட். வோல்டேஜை மாற்றும் செலக்டர் சுவிட்ச் 120-இல் நின்றால், நம் வீட்டு 230 வோல்ட் கரண்ட் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் புகைத்துவிடும். 240-க்கு மாற்றுங்கள். செலக்டரே இல்லையா? வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி.

ஸ்பீக்கரைக் கழற்றி, 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் (கரண்ட் பல்பு வழியாகவே ரிசீவருக்குப் போகும்படி) போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சிட்டு மங்கினால் சரி. முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ டயோடோ ஷார்ட். மல்டிமீட்டரில் பார்த்தால், ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்டேஜ் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது.

வால்யூம் கரகரத்தால், கரண்டைப் பிடுங்கிவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.