‘நல்ல பிள்ளை’ என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் ஹரோவில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்க்கிறேன். மனைவி பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறார். மூத்த மகளுக்கு 18 வயது. சட்டம் படிப்பாள் என்றுதான் சிறு வயது முதல் எண்ணியிருந்தோம். எங்களிடம் கேளாமலே கிளாசிக்ஸ், அதாவது பண்டைய கிரேக்க, ரோமானிய மொழிகளும் கலையும் பண்பாடும், படிக்க விண்ணப்பித்து இடமும் வாங்கிவிட்டாள். அரசுப் பள்ளியில் ஏழு ஆண்டுகள் லத்தீன் படித்தவள். செத்த மொழியைப் படித்து என்ன தொழில் செய்வது? போன கோடையில் பிரிட்டிஷ் மியூசியம் போனபோதுகூட ஒரு பழைய மரத்துண்டின் முன் அரை மணி நேரம் நின்றாள். எனக்குக் கால் கடுத்துவிட்டது. இப்போதைக்குச் சொந்தக்காரரிடம் ‘லோ’, அதாவது சட்டம், என்றே சொல்லியிருக்கிறோம். போன மாதம் கலியாண வீட்டில் மாமி கேட்டபோது அவளும் அப்படியே சொன்னாள், நல்ல பிள்ளை. அவள் மனத்தை எப்படி மாற்றுவது?
– ஒரு தந்தை, ஹரோ

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வி எனக்குப் புதிதன்று. மகன் ஓவியம் படிக்கப் போகிறான், மகள் வரலாறு படிக்கப் போகிறாள், மனத்தை எப்படி மாற்றுவது என்று, பாடத்தின் பெயர் மட்டும் மாறி மாதந்தோறும் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கும் கேள்விதான் இது. எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டிய ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதை இரண்டே சொற்களில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். கலியாண வீட்டில் மகள் ‘லோ’ என்று சொன்னதை எழுதி, அதன் பக்கத்தில் ‘நல்ல பிள்ளை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளை எத்தனையோ நல்ல காரியங்கள் செய்திருப்பாள். கடினமான ஒரு மொழியை ஏழு ஆண்டுகள் விடாமல் படித்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றிருக்கிறாள். அதை எழுதும்போது நல்ல பிள்ளை என்ற சொல் உங்களுக்கு வரவில்லை. ‘இடமும் வாங்கிவிட்டாள்’ என்று, வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டதைப் போல எழுதுகிறீர்கள். பெரியவர்கள் முன்னால் உங்கள் முகத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொன்ன இடத்தில் மட்டும் அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். கடிதத்தை நான்கு முறை படித்தேன். வேறெங்கும் அந்தச் சொல் இல்லை.

மாமியிடம் சொன்ன ஒரு சொல் பெரிய குற்றமா என்று நீங்கள் நினைக்கலாம். அது மாமியோடு முடிந்துவிடுமா என்று யோசித்துப் பாருங்கள். நம்முடைய குடும்பங்களில் ‘லோ’ படிக்கும் பிள்ளையை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஒருவர் வீடு வாங்கும் பத்திரத்தைக் கொண்டுவருவார். இன்னொருவர் உள்துறை அமைச்சிலிருந்து வந்த விசாக் கடிதத்தை நீட்டி, ‘பிள்ளை, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு’ என்பார். அந்தக் கடிதத்தில் ஒரு மனிதருடைய வாழ்வே தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது அவள் தெரிந்ததைப் போல நடிப்பாளா, தலையைக் குனிந்துகொள்வாளா? பட்டமளிப்பு விழாப் படத்தைச் சுவரில் மாட்டும்போது அதில் எழுதியிருப்பதை யார் கண்ணிலிருந்து மறைப்பீர்கள்? மூத்த மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இளைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அக்கா படிக்கப் போவது வெளியே சொல்லக் கூடாத ஒன்று என்பதையும், வீட்டின் மானத்துக்காகப் பொய் சொன்னால் அப்பா மெச்சுவார் என்பதையும் அவர்கள் இதற்குள் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

தொழிலைப் பற்றிய கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை. இங்கிலாந்தில் சொலிசிற்றர் என்ற வழக்கறிஞர் ஆவதற்குச் சட்டத்தில்தான் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும், 2021 முதல் நடைபெறும் தகுதித் தேர்வுகளை எழுதி, இரண்டு ஆண்டு பணி அனுபவத்தையும் முடித்துத் தகுதி பெறலாம். நீங்கள் ஆசைப்பட்ட வாசல் திறந்தே இருக்கிறது. இப்போது படிக்கத் தொடங்குபவர்கள் கல்விக்கடனைத் திருப்பிக் கட்டுவதும் ஆண்டு வருமானம் அரசு வகுத்த வரம்பைத் தாண்டிய பிறகுதான்; அதற்கு மேற்பட்ட தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும். சட்டம் படித்தாலும் லத்தீன் படித்தாலும் இதுவே விதி. இவையெல்லாம் ஒரு மாலை நேரம் மகளோடு உட்கார்ந்து பேசியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கும். பள்ளிகளில் லத்தீனை விரிவாக்கும் திட்டம் ஒன்றை 2021 இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தபோது காட்டிய கணக்கின்படி, கீழ் வகுப்புகளில் அம்மொழியைக் கற்பித்த அரசுப் பள்ளிகள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. கட்டணப் பள்ளிகளிலோ ஏறத்தாழப் பாதியில் அது கற்பிக்கப்பட்டது. வசதியுள்ளவர்கள் பணம் கொடுத்துத் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் படிப்பை, இரவு வேலை பார்ப்பவரின் மகள் தன் முயற்சியால் எட்டிப் பிடித்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய செய்தியை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

மியூசியத்தில் அவள் நின்றது எதன் முன்னால் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் மரத்துண்டு என்று எழுதியிருக்கமாட்டீர்கள். லத்தீன் படித்த பிள்ளை அங்கே அரை மணி நேரம் பார்க்கும் மரம் என்றால், அது பெரும்பாலும் விண்டோலாண்டா ஏடுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்கு அருகிலிருந்த ரோமானியப் படைக்கோட்டையின் ஈரமண்ணிலிருந்து 1973 முதல் எடுக்கப்பட்டுவரும் மெல்லிய மர ஏடுகள் அவை. அவற்றுள் ஒன்று ஏறக்குறைய கி.பி. 100 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு சாண் அகலம்தான் இருக்கும். கிளாவுடியா செவேரா என்ற பெண், இந்தக் கோட்டைத் தலைவரின் மனைவியான சுல்பிகியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு வரும்படி அழைக்கும் கடிதம் அது. எழுத்தர் ஒருவர் பழகிய கையால் மையில் எழுதிக்கொண்டே வருகிறார். கடைசியில் எழுத்து மாறுகிறது. அவ்வளவு பழக்கமில்லாத கையெழுத்தில், உன்னை எதிர்பார்த்திருப்பேன் சகோதரி என்று அந்தப் பெண்ணே எழுதி முடிக்கிறாள். ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் லத்தீன் எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. தொலைவிலிருந்து வந்து குளிர் நாட்டில் குடியிருந்தவர்கள் உறவுக்கு ஏங்கி எழுதிய வரி அது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதன் முன் கால் நகரவில்லை என்றால் அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? ‘இது என்ன பிள்ளை?’ என்று அன்றே நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

செத்த மொழி என்கிறீர்கள். வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அதன் ஒரு பக்கம், பண்டைய சேரத் துறைமுகமான முசிறிக்குக் கப்பல் விடும் வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம், ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்திறங்கிய யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் மற்றவையும் பெற்ற மதிப்பு. அதே முசிறிக்கு யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149 ஆம் பாட்டு சொல்கிறது. ஒரே துறைமுகத்தைப் பற்றிய இந்த இரண்டையும் அவற்றின் மொழியிலேயே படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். உங்கள் மகள் அவர்களில் ஒருத்தியாகலாம். அவளுக்குத் தமிழ் வாசிக்க வருமா என்பதை நீங்கள் எழுதவில்லை. வராது என்றால் இந்தக் கோடையிலேயே கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். அது உங்கள் கடமை, பல்கலைக்கழகத்தின் கடமை அன்று.

அவள் மாறிப்போய்விடுவாள், குடும்பத்தை மறந்துவிடுவாள் என்ற பயம் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. அவள் படிக்கப் போகும் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஏனெயிட் காவியத்தில் இரண்டாம் காண்டத்தைக் கேளுங்கள். ட்ராய் நகரம் எரிகிறது. ஏனியஸ் தன் முதிய தந்தையை அழைக்கிறான். அவரோ, நான் வரவில்லை, இங்கேயே சாகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பேரனின் தலையில் ஒரு சுடர் அவனைச் சுடாமல் எரிவதையும், வானில் ஒரு விண்மீன் பாய்ந்து செல்வதையும் கண்ட பிறகுதான் இணங்குகிறார். மகன் சிங்கத்தோலைத் தோளில் விரித்துக் குனிய, தந்தை ஏறிக்கொள்கிறார். சிறுவன் தகப்பனின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் சின்னக் காலடிகளில் கூட வருகிறான். போரில் இரத்தம் படிந்த தன் கையால் குலதெய்வங்களைத் தொடலாகாது என்பதால், அந்த உருவங்களைத் தந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான் ஏனியஸ். தெய்வத்துக்கும் பெற்றோருக்கும் நாட்டுக்கும் செய்ய வேண்டிய கடமையை ரோமானியர்கள் ‘பியெத்தாஸ்’ என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய முதல் உருவம் தோளில் தந்தையைச் சுமந்த இந்த மகன்தான். மகள் சுமக்கத் தயாராக இருக்கிறாள் என்பதைக் கலியாண வீட்டிலேயே காட்டிவிட்டாள். தோளில் ஏறுகிற தந்தைக்கும் ஒரு வேலை உண்டு, தம்பி. குலதெய்வத்தை ஏந்த வேண்டிய கையில் மாமிக்குச் சொல்லும் பொய்யை வைத்திருக்கிறீர்கள்.

மகளிடமும் எனக்குக் கோபம் உண்டு. இந்தப் பகுதியை அவளுக்கு வாசித்தே காட்டுங்கள். பிள்ளைகள் விரும்பியதைப் படிக்கட்டும், பெற்றோர் ஒதுங்கி நிற்கட்டும் என்று சொல்பவள் நான் அல்லள். இரவெல்லாம் நின்று வேலை பார்த்து வீட்டைத் தாங்கியவருக்கு, இதைப் படித்து எப்படி வாழப் போகிறாய் என்று கேட்கும் உரிமை உண்டு. தெளிவாகப் பதில் சொல்லும் கடமை அவளுக்கு உண்டு. விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே உங்கள் எதிரில் அமர்ந்து பேசியிருக்க வேண்டும். நீங்கள் மறுத்துவிடுவீர்கள் என்று பயந்து மறைத்தது, உறவினர் என்ன சொல்வார்களோ என்று பயந்து நீங்கள் மறைத்ததைப் போன்றதே. இன்னொரு முறை இப்படிச் சொல்லச் சொன்னால், ‘அப்பா, வேறு எதையும் செய்கிறேன், இதை மட்டும் சொல்லமாட்டேன்’ என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரவு வேலை இல்லாத ஒரு நாளில் இருவரும் ஒரே மேசையில் உட்காருங்கள். நான் சொன்ன அந்த ஏனெயிட் வரிகளை லத்தீனில் வாசித்துத் தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். ‘தந்தையை’ என்னும் சொல்லில் ஐ உருபு செய்யும் வேலையை ‘பத்ரெம்’ என்பதன் இறுதியிலுள்ள ‘எம்’ செய்கிறது என்று அவள் காட்டுவாள். தமிழ்ச் சொல் கிடைக்காமல் தடுமாறுவாள். அங்கே நீங்கள் எடுத்துக்கொடுங்கள். அதை முடித்த கையோடு மாமிக்குத் தொலைபேசி எடுங்கள். பொய்யைச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள் என்பதால் பேச வேண்டியவரும் நீங்கள்தான். அன்றைக்குப் பிள்ளை சொன்னது நான் சொல்லச் சொன்னது, அவள் கிரேக்கமும் லத்தீனும் படிக்கப் போகிறாள் என்று சொல்லுங்கள். அதைப் படிச்சு என்ன செய்யிறது என்று மாமி கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்வி வந்ததும் தொலைபேசியை மகள் கையில் கொடுத்துவிட்டு, அவள் சொல்லும் பதிலைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.