கண்ணை எடுத்துவிட்டுக் கல்லை எடுங்கள்

கேள்வி: புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பணிக்காகப் பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் ஐந்து இடங்களில், இடத்துக்கு 20 கூழாங்கற்கள் எடுத்து அளந்தோம். ஆறு கீழே போகப் போகக் கல் சிறுக்க வேண்டுமாமே? எங்களுக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. எங்கே தப்பு?
- கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: மாணவனாக இருந்தபோது இதே ஆற்றில் இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன். வழவழப்பாக, உள்ளங்கைக்கு அடக்கமாக இருந்ததை மட்டும் பொறுக்கினோம். ஒருவன் வீட்டு மீன்தொட்டிக்கும் சேர்த்தே பொறுக்கினான். பையைத் தூக்கிப் பார்த்த ஆசிரியர், “ஆற்றை அளக்கச் சொன்னால் உங்கள் கையை அளந்துகொண்டு வந்திருக்கிறீர்களே!” என்றார்.

1954இல் வோல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு எளிய வழி சொன்னார். கல் திட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். ஓர் அடி வைத்ததும் கீழே பார்க்காமல் குனிந்து, கால் நுனியில் விரல் முதலில் தொடுவது எதுவோ அதை எடுங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பிப் போடக் கூடாது. மணல் தட்டுப்பட்டால் ‘2 மி.மீ.க்குக் கீழ்’ என்று குறித்துவிட்டு அடுத்த அடி. இப்படி இடத்துக்கு 100. அளக்க வேண்டியது கல்லின் நீளத்தையோ தடிமனையோ அல்ல, இரண்டுக்கும் நடுவிலுள்ள அகலத்தை.

சராசரி வேண்டாம், இடைநிலை அளவைப் (கற்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) போடுங்கள். ஒரே ஒரு பாறாங்கல் சராசரியை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்த ஐந்து வண்ண வட்டப்படங்கள் (எல்லா அறிக்கையிலும் இருக்கும், உங்களுடையதிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்) எதற்கு? கிடை அச்சில் பாபநாசத்திலிருந்து தூரம், செங்குத்து அச்சில் இடைநிலை அளவு. ஒரே படம் போதும். அதிலேயே மணிமுத்தாறு, கடனா, சிற்றாறு சேரும் இடங்களையும் வழியிலுள்ள அணைக்கட்டுகளையும் கோடு போட்டுக் காட்டுங்கள். துணையாறு புதுக்கல்லைக் கொண்டுவந்து கொட்டும், அணைக்கட்டு கல்லை மறிக்கும். அதனால் சரியாக அளந்தாலும் கோடு வழுக்கிக்கொண்டு இறங்காது, ஏறி இறங்கும். அதைத் திருத்திவிடாதீர்கள், உங்கள் அறிக்கையின் சுவையே அங்கேதான்.

அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: பள்ளியில் வெர்னியர் காலிப்பர் ஒன்றுதான். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி அளப்பது?
- ஆசிரியர், தேனி

பதில்: ஒரு பலகையில் 8, 16, 32, 64 மி.மீ. பக்க அளவில் சதுர ஓட்டைகள் வெட்டுங்கள். கல் எதில் நுழைகிறது, எதில் மாட்டுகிறது என்று பார்த்து எண்ணினால் போதும். அட்டை வேண்டாம், அரை மணி நேரத்தில் ஊறிவிடும். மெல்லிய பிளைவுட் தாங்கும்.