உப்புத்தண்ணீரில் பண்டாராயா மீன் கிடையாது: கேள்வி பதில்

பினாங்கில் இருபது வருடமாக உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கடைக்காரி இல்லை, விற்க என்னிடம் எதுவும் இல்லை. பவளம் வளர்ப்பதைப் பற்றிக் கேட்காதீர்கள், அதில் எனக்குக் கைராசி இல்லை. பாசி, பாசி தின்னும் மீன், சின்னத் தொட்டி. இன்றைக்கு இவ்வளவுதான். தலைப்பில் இருக்கும் பண்டாராயா, நல்ல தண்ணீர்த் தொட்டியில் கண்ணாடியை உறிஞ்சிப் பாசி தின்னும் மீன். கேட்பவர்களை ஊர்ப் பெயரால் போட்டிருக்கிறேன்.

செராஸ்: அக்கா, 60 லிட்டர் தொட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பாசி. கடையில் லான்மோவர் பிளென்னி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்குப் பாதிப் பேர் இதையேதான் கேட்கப்போகிறீர்கள்.

அந்த மீனின் அறிவியல் பெயர் சலாரியாஸ் ஃபாசியாட்டஸ். 14 சென்டிமீட்டர் வரை வளரும். உதட்டை ஒட்டிச் சீப்புப்பல் மாதிரி நெருக்கமான பற்கள். கல்லின் மேல் படிந்திருப்பதை அதை வைத்துச் சுரண்டும். சுரண்டும்போது பாசி மட்டும் உள்ளே போவதில்லை, கல்லில் படிந்த மக்கிய கழிவும் சேர்ந்துதான் போகிறது. காட்டில் மேயும் மாடு மாதிரி, நாள் முழுக்க வாய் ஓயாது. 60 லிட்டர் தொட்டியில் இருக்கும் கல்லை அது சில வாரத்தில் மேய்ந்து முடித்துவிடும். அதற்கப்புறம்?

என்னுடைய முதல் பிளென்னியை அப்படித்தான் கொன்றேன். தொட்டி பளிச்சென்று இருந்தது, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மீன் ஒட்டிப்போய்க்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. செத்த பிறகுதான் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் சொல்வது: வயிற்றைப் பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு உருண்டு இருக்க வேண்டும். குழி விழுந்திருந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கடைக்காரரிடம் தீனி போடச் சொல்லி, அது தின்பதை நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சுஷி சுற்றும் கடற்பாசித் தாளான நோரி, உப்பும் எண்ணெயும் சேர்க்காதது, ஒரு துண்டைக் கிளிப்பில் மாட்டிவிட்டால் பழகிய மீன் கடிக்கும். பழகாத மீன் பட்டினி கிடந்தே சாகும்.

மீன் வேண்டும் என்றுதான் மனசு கேட்கிறது என்றால் டெயில்ஸ்பாட் பிளென்னி வாங்குங்கள். 6 சென்டிமீட்டர்தான், போட்ட தீனியைத் தின்னும். ஆனால் முடிப்பாசியை அது ஒழித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பிளென்னியானாலும் மூடி போடுங்கள், குதிக்கும்.

கிள்ளான்: இக்கான் பண்டாராயாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத்தண்ணீருக்குப் பழக்க முடியுமா?

முடியாது. செத்துவிடும். வேண்டாம் என்று தோன்றினால் ஆற்றிலும் விடாதீர்கள், நம் ஆறுகளில் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது.

பாயான் லெப்பாஸ்: புதுத் தொட்டி, இரண்டாவது வாரம். எல்லாம் பழுப்பு நிறத் தூள். எந்த மீன் விடலாம்?

ஒன்றும் விடாதீர்கள். அது டயட்டம், ஒரு வகை நுண்பாசி. தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளர்கிறது, அது தீர்ந்தால் தானே போகும். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலக்கிறீர்கள் என்றால் ஆர்ஓ தண்ணீருக்கு, அதாவது ஃபில்டரில் வடித்துத் தாது நீக்கிய தண்ணீருக்கு, மாறுங்கள். மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

பட்டர்வொர்த்: மஞ்சள் டேங் மீன், இப்போது 5 சென்டிமீட்டர்தான். 80 லிட்டரில் வைத்துவிட்டுப் பெரிதானதும் யாருக்காவது கொடுத்துவிடலாம் அல்லவா?

20 சென்டிமீட்டர் வளரும் மீன், பகலெல்லாம் நீந்தி மேய வேண்டிய மீன். அந்த "யாராவது" யார் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு வாங்குங்கள்.

செந்தூல்: மணல் மேல் சிவப்பாக, ஜவ்வு மாதிரி விரித்து வருகிறது. எந்த மீன் தின்னும்?

அநேகமாக எந்த மீனும் தின்னாது. பார்க்கத்தான் பாசி மாதிரி, உண்மையில் அது சயனோபாக்டீரியா. டியூபால் உறிஞ்சி எடுங்கள், பம்ப்பைத் திருப்பித் தண்ணீர் அங்கே ஓடும்படி செய்யுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். தீபாவளிக்குக் கம்பத்துக்கு, சொந்த ஊருக்கு, போகும்போது பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனீர்களா? பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஜெலுத்தோங்: மகளே, மோலி மீனைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? இரண்டு மூன்று ரிங்கிட் மீன். நான் உப்புத்தண்ணீரில் ஆறு மோலி வைத்திருக்கிறேன். பிளென்னியெல்லாம் காசுக்குக் கேடு.

அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதி சரி. மோலி உப்பைத் தாங்கும். அதன் சொந்த ஊரான மெக்சிகோ வளைகுடாப் பக்கமே உப்பங்கழியில் வாழும் மீன்தான். பாசியைக் கொறிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது குட்டி போடும், போட்டுக்கொண்டே இருக்கும். ஆறு என்பது அறுபதாகும்.

ஜெலுத்தோங்: குட்டியை மற்ற மீன் தின்றுவிடும். தீனியும் நான் போடுவதில்லை. ஒரு வருடமாகப் பாசியைத் தின்றே வாழ்கின்றன. பாசி தீரவே இல்லை.

பாசி தீரவில்லை என்றால் தின்று முடிக்கவில்லை என்றுதானே அர்த்தம், அண்ணே!

கெப்போங்: அண்ணன் சொல்வதுதான் சரி அக்கா. நானும் மோலி விட்டேன், கல்லெல்லாம் சுத்தமாகிவிட்டது. நல்ல தண்ணீர் மீனில் இருக்கும் ஒட்டுண்ணியெல்லாம் உப்பில் செத்துவிடும், அதுவும் லாபம்.

ஒட்டுண்ணி விஷயம் பெரும்பாலும் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தொட்டியில் வேலை செய்ததையும் நம்புகிறேன். என் கேள்வி ஜெலுத்தோங் அண்ணனுக்கு: தொட்டி எங்கே இருக்கிறது?

ஜெலுத்தோங்: ஹாலில். ஜன்னலுக்குக் கீழே. காலை வெயில் நன்றாகப் படும், மீன் அழகாகத் தெரியும்.

பாருங்கள்! வெயில் பாசியை வளர்க்கிறது, மோலி தின்கிறது, மோலி போடும் கழிவு மறுபடியும் பாசிக்கு உரம். வயலும் மாடும் ஒரே தொட்டியில் வைத்திருக்கிறீர்கள். ஒரு அட்டையை அந்த ஜன்னல் பக்கக் கண்ணாடியில் ஒட்டி ஒரு மாதம் பாருங்கள். ஆனால் அப்போது மோலிக்குத் தீனி போட வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெலுத்தோங்: அட்டை ஒட்டினால் மீன் எப்படித் தெரியும்?

முன்பக்கமாகப் பாருங்கள், அண்ணே.

மோலி விடப்போகிறவர்களுக்கு: பையிலிருந்து நேராகக் கொட்டாதீர்கள். சின்ன டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் விட்டு, ஒரு நாள் எடுத்துக்கொண்டு உப்பை ஏற்றுங்கள். பம்ப் வேகமாக ஓடும் தொட்டியில் அது திணறும்.

பிரை: 50 லிட்டர் தொட்டிக்கு எந்தப் பாசி தின்னும் மீன் நல்லது?

செராஸ் பதிலைப் படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: பதினோராவது மாடி ஃபிளாட், மத்தியானம் தண்ணீர் 31 டிகிரி போகிறது. பாசியும் அதிகம், மீனும் மூச்சு வாங்குகிறது. சூட்டுக்கும் பாசிக்கும் சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால்தான் மூச்சு வாங்குகிறது. பாசிக்குச் சூடு பிடிக்கும், ஆனால் அதன் சாப்பாடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், அதாவது நீங்கள் போடும் தீனி. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க வசதி இல்லை என்றால் தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு டிகிரி குறையும். மழை நாளில், காற்று ஈரமாக இருக்கும்போது அவ்வளவு குறையாது. ஃபேன் வைத்தால் தண்ணீர் மளமளவென்று வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் குறைந்ததை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத்தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் 1.025 இருக்க வேண்டிய அடர்த்தி எங்கேயோ போய் நிற்கும். பாசியைப் பற்றிக் கேட்கிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை, சின்னத் தொட்டியில் நிறைய மீன் இதனால்தான் சாகிறது.

பத்து பெரிங்கி: கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு வாளி மொண்டு ஊற்றினால் என்ன?

கரையோரத் தண்ணீர் கலங்கல், மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீரும் சேர்கிறது. பாசிக்கு விருந்து வைக்கிறீர்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: மார்க்கெட்டில் ஓரா மீன் பார்த்தேன், டெங்கிஸ் என்கிறார்கள். அது பாசி தின்னுமாமே. குட்டி கிடைத்தால் 100 லிட்டரில் வைக்கலாமா?

தின்னும், ஆனால் அந்தத் தொட்டிக்குள் அடங்காது. முள் குத்தினால் விஷம், கை வீங்கிவிடும். குழம்பு வையுங்கள்.

ஷா ஆலம்: லான்மோவர் பிளென்னி வாங்கிவிட்டேன். 40 லிட்டர். நல்லதுதானே?

வாங்கிவிட்டு நல்லதுதானே என்றால் நான் என்ன சொல்ல? வயிறு எப்படி இருக்கிறது? இன்றைக்கே நோரி வையுங்கள். மூன்று நாளில் தொடவில்லை என்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கூச்சாய் லாமா: சின்னத் தொட்டிக்குப் பாசி தின்னும் மீன் எது?

மேலே படியுங்கள் தம்பி.

செராஸ்: அக்கா, கடைக்குப் போய் வந்தேன். பிளென்னி வயிறு குழி விழுந்திருந்தது. வாங்கவில்லை. நான்கு டிரோக்கஸ் நத்தை வாங்கி வந்தேன். சரியா?

சரி. கண்ணாடியில் இருக்கும் படலத்தை அவை பார்த்துக்கொள்ளும். நீளமாக வளர்ந்த முடிப்பாசியை மட்டும் நீங்கள் கையால் பிய்த்து எடுங்கள். டிரோக்கஸ் கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். வேறு வகை நத்தை ஏதாவது கலந்து கொடுத்திருந்தால் காலையில் எழுந்ததும் ஒரு தடவை பாருங்கள், மல்லாந்து கிடந்தால் திருப்பி வையுங்கள்.